செனெகா மக்கள் நினைவிடம் எங்கெங்க இருக்கு?

கும்பகோணத்துக்காரன்:
பொண்ணு அமெரிக்கால நியூயார்க் மாநிலத்து பஃபலோல வேலைல இருக்கா, அடுத்த மாசம் போறோம். அங்க செனெகான்னு ஒரு பூர்வகுடி இருந்தாங்களாமே, பாக்குற மாதிரி என்ன இருக்கு?

திருவையாறு செல்வி:
இருந்தாங்க இல்லண்ணே, இன்னமும் இருக்காங்க. பஃபலோ ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்துல ரெட் ஜாக்கெட்ங்கிற செனெகா தலைவரோட சிலை இருக்கு, பேச்சுல அவர அடிச்சுக்க ஆள் கிடையாது, 1792ல அதிபர் வாஷிங்டன் அவருக்கு குடுத்த வெள்ளிப் பதக்கம் 2021லதான் அந்த மக்கள் கைக்கே திரும்பி வந்துச்சு. ஈலி பார்க்கர்ங்கிற செனெகாக்காரர் சமாதியும் அங்கதான், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல 1865ல தெற்குப் படைத் தளபதி லீ சரணடைஞ்சப்ப நிபந்தனைய தன் கையால எழுதுனவர். விக்டர் ஊர்ல கனொண்டகன்ங்கிற பழைய செனெகா ஊரையும் விட்றாதீங்க, 1687ல பிரெஞ்சுப் படை வந்து மக்காச்சோளத்தயெல்லாம் அழிச்ச இடம், இப்ப மரப்பட்டை வேஞ்ச நீள வீடு ஒண்ணு கட்டி வச்சிருக்காங்க.

மன்னார்குடி மாமா:
கார்ன்பிளான்டர்ங்கிற செனெகா தலைவர் பத்தியும் படிச்சுட்டுப் போங்க தம்பி. 1866ல பென்சில்வேனியா அரசு அவருக்கு நினைவுத்தூண் வச்சுச்சு, அப்புறம் கின்சுவா அணை கட்டறப்ப அவர் சமாதியயே பேத்து மேட்டுக்கு மாத்துனாங்க, 1794 ஒப்பந்தத்துல அமெரிக்க அரசு இது உங்க நெலம்னு செனெகா மக்களுக்கு எழுதிக் குடுத்திருந்தும் அந்த நெலம் அணைத் தண்ணிக்குள்ள போயிருச்சு. மேட்டூர்ல தண்ணி கொறஞ்சா பண்ணவாடில நந்தி தலை தெரியுமே, அந்தத் தண்ணிலதான நம்ம வயல் வெளையுது, இதப் படிச்சப்ப எனக்கு அந்த நந்திதான் கண்ணுல நின்னுச்சு.

கும்பகோணத்துக்காரன்:
ரொம்ப நன்றி மாமா, செல்வி. பொண்ணுகிட்ட இப்பவே சொல்லிட்டேன், மொத நாளே ஃபாரஸ்ட் லான்தான்.