காட்டுத்தீ கார்பன் உமிழ்வைச் செயற்கைக்கோள் வழியே கணக்கிடும் திட்டம்: நிதி விண்ணப்பத்தில் பணத்தை எங்கே வைப்பது?

தணல்23:

வணக்கம். மூன்றாண்டு ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு நிதி விண்ணப்பம் தயாராகிறது. காட்டுத்தீயில் எரிந்த பரப்பு, எரிந்த கடுமை, வெளியான கார்பன் மூன்றையும் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணக்கிடுவது நோக்கம். வரைவில் இப்போது இருப்பவை: பரப்புக்கு மோடிஸ் செயற்கைக்கோள் கருவியின் எரிந்த பரப்புத் தரவான எம்சிடி64ஏ1, கடுமைக்குச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் டிஎன்பிஆர் (தீக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் என்பிஆர் என்ற எரிவுக் குறியீட்டின் வித்தியாசம்), உமிழ்வுக்கு ஐபிசிசி என்ற ஐ.நா. காலநிலைக் குழுவின் 2006 வழிகாட்டியில் உள்ள சமன்பாடு. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் உயர்தெளிவு வணிகப் படங்களுக்கும் சர்வருக்கும் போகிறது. களப்பணிக்குப் பத்து சதவீதம்.

முன்மதிப்பீட்டில் வந்த குறிப்பு இரண்டே வரி: நிச்சயமின்மை எங்கிருந்து வருகிறது என்று காட்டப்படவில்லை, இந்தத் திட்டம் அதில் எதைக் குறைக்கும் என்றும் தெரியவில்லை. இதற்கு எப்படிப் பதில் எழுதுவது? பணத்தைப் பிரித்த விதமே தவறா?

கரிமக்கணக்கு:

பணத்தைப் பிரித்த விதம்தான் தவறு. ஏன் என்பதை உங்கள் சமன்பாட்டை வைத்தே காட்டலாம்.

1980இல் சைலரும் க்ரூட்சனும் முன்வைத்த கணக்குதான் இன்றும் அடிப்படை: எரிந்த பரப்பு, ஒரு ஹெக்டேரில் இருந்த உலர் உயிர்த்திரள், அதில் எரிந்த பங்கு, உமிழ்வுக் காரணி என நான்கையும் பெருக்குவது. பெருக்கல் என்பதால் ஒவ்வொன்றின் ஒப்புப் பிழையையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்தப் பிழை கிடைக்கும். எடுத்துக்காட்டுக்குப் பரப்பில் 10%, உயிர்த்திரளில் 40%, எரிந்த பங்கில் 30%, காரணியில் 10% என்று வையுங்கள். மொத்தம் 52%. வணிகப் படம் வாங்கிப் பரப்பின் பிழையை 5% ஆக்கினால் மொத்தம் 51% ஆகிறது. அவ்வளவு செலவுக்கு ஒரே ஒரு சதவீதப் புள்ளி. அதே பணத்தில் களத்துக்குப் போய் உயிர்த்திரளின் பிழையை 20% ஆகக் குறைத்தால் மொத்தம் 39%க்கு இறங்கிவிடும். உங்கள் காட்டு வகைக்கான எண்களைப் போட்டு இந்தக் கணக்கை விண்ணப்பத்தின் முதல் இரண்டு பக்கத்துக்குள் ஒரு அட்டவணையாக வைத்தால் மதிப்பீட்டாளர் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கும்.

பிழையை மான்டி கார்லோ முறையில் (மதிப்புகளைச் சீட்டுப் போல் தற்செயலாகப் பலமுறை எடுத்துக் கணக்கிடுவது) கடத்துவோம் என்று எழுதப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. உயிர்த்திரள் பிழை பிக்சலுக்குப் பிக்சல் தனித்தனியாக வருவதில்லை. ஒரே வரைபடத்திலிருந்து எடுத்த மதிப்பு என்பதால் எல்லாப் பிக்சலும் ஒரே பக்கம் சாயும். ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகச் சீட்டு எடுத்தால், 40% பிழையுள்ள ஒரு லட்சம் பிக்சல்களின் கூட்டுப் பிழை 0.13% என்று வந்து நிற்கும். அந்த எண்ணைப் பார்த்ததுமே துறை தெரிந்தவர் விண்ணப்பத்தை மூடிவிடுவார். காட்டு வகைக்கு ஒன்று என்று சீட்டு எடுத்து, அதை அந்த வகையின் எல்லாப் பிக்சலுக்கும் பொருத்துங்கள்.

ஐபிசிசி அட்டவணைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. அட்டவணை 2.4 தருவது உயிர்த்திரளையும் எரிந்த பங்கையும் முன்பே பெருக்கிய மதிப்பு. அதை எடுத்து, 2.6இல் உள்ள எரிதல் காரணியால் மறுபடி பெருக்கினால் உமிழ்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விடும். இந்தப் பிழையை அடிக்கடி பார்க்க முடிகிறது.

உமிழ்வுக் காரணி ஒரு கிலோ உலர்பொருளுக்கு இத்தனை கிராம் என்று தரப்படுவது. ஒரு கிலோ கார்பனுக்கு அல்ல. வெப்பமண்டலத்துக்கு வெளியே உள்ள காடுகளுக்கு அட்டவணை 2.5 தரும் மதிப்புகள்: கார்பன் டைஆக்சைடு 1569, கார்பன் மோனாக்சைடு 107, மீத்தேன் 4.7, நைட்ரஸ் ஆக்சைடு 0.26. முதல் மூன்றிலும் உள்ள கார்பனை மட்டும் கூட்டினால் 477 கிராம் வரும், அதாவது உலர்பொருளில் ஏறத்தாழ 48%. நீங்கள் வேறிடத்தில் கார்பன் பங்கு 0.50 என்று எடுத்திருந்தால் இரண்டும் இடிக்கும். 1,000 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 100 டன், எரிந்த பங்கு 0.4 என்றால் 40,000 டன் உலர்பொருள். 62,760 டன் கார்பன் டைஆக்சைடு, 188 டன் மீத்தேன். இப்படி ஒரு மாதிரிக் கணக்கை இணைப்பில் வைத்தால் அலகுகள் சரியாக இருக்கின்றன என்பது படிப்பவருக்கு உடனே தெரியும்.

ஏழாம்பட்டை:

மேலே சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பரப்பின் பிழை 10% தான் என்பது பெரிய காட்டுத்தீக்குத்தான் பொருந்தும். புல்வெளி, சவானா, வேளாண் நிலம் கலந்த இடங்களில் கதையே வேறு. எம்சிடி64ஏ1இன் ஒரு பிக்சல் 21 ஹெக்டேருக்கும் பெரியது. சிறு தீ அதில் விழாமலே போகும். ஜிஃபெட் என்ற உலகத் தீ உமிழ்வுத் தரவின் ஐந்தாம் பதிப்பு 2001 முதல் 2020 வரை உலகில் ஆண்டுக்குச் சராசரி 77.4 கோடி ஹெக்டேர் எரிந்ததாகச் சொல்கிறது. எம்சிடி64ஏ1 காட்டுவதைவிட இது 61% கூடுதல். உங்கள் ஆய்வுப் பகுதியில் சிறு தீ அதிகம் என்றால் அட்டவணையில் பரப்புக்கு 10% போடாதீர்கள். சென்டினல்-2 கொண்டு 20 மீட்டரில் பரப்பை நீங்களே வரைவதற்கு ஆள் கேளுங்கள்.

மோடிஸை நம்பி மூன்றாண்டுத் திட்டம் எழுதுவதும் இப்போது சரியல்ல. அதைச் சுமக்கும் செயற்கைக்கோள்களில் டெர்ரா 1999இலும் அக்வா 2002இலும் ஏவப்பட்டவை. இரண்டிலும் எரிபொருளை மிச்சப்படுத்தச் சுற்றுப்பாதைத் திருத்தத்தை நிறுத்திவிட்டார்கள். கடக்கும் நேரம் ஆண்டுக்காண்டு நகர்கிறது. தீக்குப் பகலில் ஒரு ஏற்ற இறக்கம் உண்டு என்பதால் கடக்கும் நேரம் மாறினாலே தீப்புள்ளிகளின் (எரியும்போதே கருவி பிடிக்கும் சூடான பிக்சல்களின்) எண்ணிக்கை மாறும். தீ கூடியதா குறைந்ததா, செயற்கைக்கோள் நகர்ந்ததா என்று பிரிக்க முடியாது. அதே வேலையைச் செய்யும் புதிய விர்ஸ் கருவிக்கு மாறுங்கள் (சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 செயற்கைக்கோள்களில் இருக்கிறது; தீப்புள்ளி 375 மீட்டரில்). இரண்டு கருவியின் தரவும் ஒன்றாகக் கிடைக்கும் பழைய ஆண்டுகள் சிலவற்றில் ஒப்பிட்டுத் திருத்தக் கெழு எடுப்பதை ஒரு தனிப் பணியாகக் காட்டுங்கள்.

வணிகப் படம் பற்றி: பிளானெட் நிறுவனம் விற்கும் பிளானெட்ஸ்கோப் படங்களில் குறுஅலை அகச்சிவப்புப் பட்டை (அந்த அலைநீளத்தில் எடுத்த படம்) கிடையாது. என்பிஆர் என்பது அண்மை அகச்சிவப்புக்கும் குறுஅலை அகச்சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது. சென்டினல்-2இல் 8ஏ, 12 பட்டைகள். லேண்ட்சாட் 8, 9இல் 5, 7. மூன்று மீட்டர் தெளிவு இருந்தும் அந்தப் பட்டை இல்லாமல் நீங்கள் எழுதிய டிஎன்பிஆரைக் கணக்கிடவே முடியாது. அந்தச் செலவை எடுத்துவிடலாம். பரப்பைச் சரிபார்க்கச் சில படங்கள் தேவைப்பட்டால் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமான ஈசாவின் மூன்றாம் தரப்புச் செயற்கைக்கோள் திட்டத்தில் ஆய்வு முன்மொழிவு கொடுத்து இலவசமாகக் கேட்க வழி உண்டு.

சர்வர் செலவும் கூடுதலாகத் தெரிகிறது. சென்டினல்-2 படங்கள் ஓடுகளாகப் பிரித்துத் தரப்படுகின்றன; ஒரு ஓடு 110 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம். ஒரு படம் ஏறக்குறைய 1 ஜிபி. ஐந்து நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 70 ஜிபி சொச்சம். மொத்தப் படத்தையும் இறக்காமல் இரண்டு பட்டையையும் மேக வகைப்பாட்டு அடுக்கையும் மட்டும் மேகக்கணினியிலிருந்து வாசித்தால் அதிலும் சிறு பகுதிதான் தேவைப்படும்.

முக்கியமாக இதைச் சரிபாருங்கள். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்கள் புதிய செயலாக்கப் பதிப்பில் வருகின்றன. பிக்சல் மதிப்போடு 1000 கூட்டப்பட்டிருக்கும். கழித்துவிட்டுத்தான் 10,000ஆல் வகுக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முந்தைய பழைய பதிப்புப் படத்தையும் பிந்தைய படத்தையும் கழிக்காமல் ஒப்பிட்டால் என்ன ஆகும்? எரியாத மரத்தோப்பில் அண்மை அகச்சிவப்பு 0.30, குறுஅலை 0.15 என்றால் என்பிஆர் 0.33. இரண்டிலும் 0.1 கூடிவிட்டால் 0.23. டிஎன்பிஆர் 0.10. பரவலாகப் பயன்படும் வகைப்பாட்டில் குறைந்த கடுமை தொடங்குவதே 0.10இல்தான். நெருப்பே படாத காடு எரிந்ததாக வரைபடத்தில் வந்துவிடும். விகிதம்தானே, கூட்டியது அடிபட்டுப் போகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தொகுதியில் அடிபடும், பகுதியில் இரண்டு மடங்காக நிற்கும். லேண்ட்சாட் இரண்டாம் தொகுப்பிலும் இப்படித்தான்: 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழித்தால்தான் பிரதிபலிப்பு கிடைக்கும்.

தணல்23:

மிக்க நன்றி, இருவருக்கும். வணிகப் படங்களையும் எம்சிடி64ஏ1ஐயும் எடுத்துவிடுகிறேன். களப்பணியில் ஒரு சிக்கல்: எங்கே தீப்பிடிக்கும் என்று முன்னரே தெரியாது. எரிவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்பதை எப்படி அளப்பது? விண்வெளி நிலையத்திலிருந்து லேசர் பாய்ச்சி மர உயரம் அளக்கும் ஜெடை லைடார் கருவியின் தரவு போதுமா?

சாம்பல்மேடு:

ஜெடை தனியாகப் போதாது. 25 மீட்டர் விட்ட வட்டங்களாகத் தொடும். தடத்தில் 60 மீட்டருக்கு ஒன்று, தடங்களுக்கிடையே 600 மீட்டர். அதாவது மாதிரிகள்தான், முழுப் பரப்பு அல்ல. வடக்கிலும் தெற்கிலும் 51.6 பாகை அட்சரேகையைத் தாண்டி அதற்குத் தரவு இல்லை. 2023 மார்ச் முதல் 2024 ஏப்ரல் வரை கருவி நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது மரத்தின் உயரத்தையும் அமைப்பையும் காட்டும். தீயில் பெரும்பங்கு எரிவது தரைச்சருகு, மட்கு, கீழே கிடக்கும் கட்டை. அது லைடாருக்கும் தெரியாது, ராடாருக்கும் சரியாகத் தெரியாது. 2025 ஏப்ரலில் ஏவப்பட்ட ஈசாவின் பயோமாஸ், அதே ஆண்டு ஜூலையில் ஏவப்பட்ட நைசார் ஆகிய இரண்டு ராடார் செயற்கைக்கோள்களையும் குறிப்பிடலாம், ஆனால் அவற்றின் மீது திட்டத்தை நிறுத்த வேண்டாம். பயோமாஸின் பி-பட்டை ராடாரை வட அமெரிக்கா, ஐரோப்பா மீது இயக்க அனுமதியில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

முன்னளவுக்கு இரண்டு வழி. ஒன்று, வனத்துறை தானே திட்டமிட்டு வைக்கும் கட்டுப்பாட்டுத் தீ. நாள் தெரியும், இடம் தெரியும். எரிப்பதற்கு முன் எஃகுக் கம்பிகளைத் தலை தரைமட்டத்துக்கு வரும்படி மட்கில் செருகிவைத்தால், எரிந்தபின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளமே எரிந்த ஆழம். ஆனால் கட்டுப்பாட்டுத் தீயை ஈரம் உள்ள நாளில்தான் வைப்பார்கள். அதில் கிடைக்கும் எரிந்த பங்கை வறட்சியில் பரவிய காட்டுத்தீக்கு அப்படியே எடுத்தால் குறைத்துச் சொன்னதாகும். அதனால் இரண்டாவது வழியும் வேண்டும்: காட்டுத்தீயின் எல்லைக்கு வெளியே, அதே மரவகை, அதே சரிவு, அதே வயதுள்ள எரியாத இடத்தை இணையாக வைத்து அளப்பது. தீ ஏன் அந்த எல்லையில் நின்றது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஓடை, ஈரப்பள்ளம் காரணமாக நின்றிருந்தால் அந்த இடம் இணையே அல்ல. சாலை, தீத்தடுப்புக் கோடு போன்றவற்றால் நின்ற இடங்களே நம்பகமானவை.

கீழே கிடக்கும் கட்டைகளை அளக்கப் பிரவுனின் கோட்டு முறை. விட்டம் 0.64, 2.54, 7.62 சென்டிமீட்டர் என்ற எல்லைகளில் வகை பிரித்து, கோட்டை வெட்டும் துண்டுகளை எண்ணுவது. மட்கை உருளைக்கருவியால் கனஅளவு தெரியும்படி எடுத்து, உலர்த்தி, எடைபோட்டு அடர்த்தி காணவேண்டும். ஆழம் மட்டும் அளந்து அடர்த்தியை நூலிலிருந்து எடுத்தால் நீங்கள் குறைக்க வந்த பிழை திரும்ப வந்துவிடும். உலர்த்தும் அடுப்பு, துல்லியத் தராசு, அவற்றுக்கான ஆள்நேரம் ஆகியவற்றைப் பட்ஜெட்டில் எழுத மறந்துவிடுவார்கள். கரிநிலம் (பாதி மட்கிய தாவரப்பொருள் தடிமனாகச் சேர்ந்த ஈரநிலம்) உள்ள பகுதி என்றால் இது இன்னும் முக்கியம். அங்கே தீ கீழ்நோக்கி எரியும். மேலிருந்து பார்க்கும் டிஎன்பிஆருக்கும் எரிந்த ஆழத்துக்கும் தொடர்பே இருக்காது.

கடுமைக்கான களமதிப்பீடு 30 மீட்டர் விட்ட வட்டத்தில், 0 முதல் 3 வரையிலான கூட்டு எரிவுக் குறியீடு. குறைந்தது 3×3 பிக்சல் ஒரே மாதிரி எரிந்த இடத்தின் நடுவில் வட்டம் விழவேண்டும். இல்லையென்றால் ஜிபிஎஸ் பிழையே உறவைக் குலைத்துவிடும். ஒவ்வொரு கடுமை வகுப்புக்கும் 20 வட்டமாவது வையுங்கள். நடுவகுப்பில்தான் குழப்பம் அதிகம், எனவே அங்கே இன்னும் பத்து கூட்டுங்கள். ஒரு மழைக்குப் பிறகு சாம்பல் கரைந்து, புல் முளைத்துவிடும். எனவே தீ அணைந்து சில வாரங்களுக்குள் குழு கிளம்பக்கூடிய வகையில் வண்டியும் பயணப் பணமும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். நிதி தருபவரிடம் அந்தத் தலைப்பில் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மீதியை எடுத்துச் செல்ல அனுமதி கேளுங்கள். முதல் ஆண்டு தீயே வராமல் போனால் பணம் திரும்பிப் போய்விடக் கூடாது.

என் கணிப்பில் சம்பளத்துக்கு 50 சதவீதத்துக்குச் சற்று மேல், களத்துக்கும் ஆய்வகத்துக்கும் 30, கணினிக்கு 5 அல்லது 6, மீதி பயணம், தரவு வெளியீடு.

கரிமக்கணக்கு:

இன்னும் இரண்டு விஷயம். கீழிருந்து கூட்டிய கணக்கை மேலிருந்து சரிபார்க்கும் ஒரு பணி வையுங்கள். சென்டினல்-5பியின் ட்ரோபோமி கருவி கார்பன் மோனாக்சைடைத் தினமும் அளக்கிறது. 2023இல் கனடாவில் எரிந்த தீயின் கார்பன் 647 டெராகிராம் (64.7 கோடி டன்) என்ற மதிப்பீடு அந்த அளவைக் காற்றோட்ட மாதிரியில் பின்னோக்கி ஓட்டி எடுத்ததுதான். ஆனால் மோனாக்சைடிலிருந்து மொத்தக் கார்பனுக்கு வருவதற்கான விகிதம், தீ கொழுந்துவிட்டு எரிந்ததா, புகைந்து கனன்றதா என்பதைப் பொறுத்தது. அதற்கும் ஒரு பிழை எண் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய தீ நிகழ்வுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

நிதி மூலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாசாவின் ரோசஸ் என்ற ஆண்டு ஆய்வு நிதி அழைப்புகளில் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனம் பங்கேற்கலாம், ஆனால் நாசாவின் பணம் அதற்கு வராது. உங்கள் பங்கின் செலவை உங்கள் நாட்டு நிதியிலிருந்து உறுதிசெய்த கடிதம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதியான ஹொரைசன் ஐரோப்பாவின் கூட்டுத் திட்டங்களில் ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அல்லது அத்திட்டத்தில் இணைந்த நாடுகளில் மூன்று வெவ்வேறு நாடுகளின் மூன்று நிறுவனங்களாவது தேவை, அதில் ஒன்றாவது உறுப்பு நாட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். மறைமுகச் செலவு நேரடிச் செலவில் 25% என்று நிலையாகத் தருவார்கள், துணை ஒப்பந்தத் தொகை அந்தக் கணக்கில் சேராது. களப்பணியை வெளியாளுக்கு ஒப்பந்தமாக விட்டால் அந்த 25% இழப்பு. வனத்துறை ஆய்வுப் பிரிவைக் கூட்டாளியாகவே சேர்ப்பது நல்லது. கட்டுப்பாட்டுத் தீயின் நாள்பட்டியல் அவர்களிடம்தானே இருக்கிறது.