யோசேப்பு இருக்கும்போது ராஜ வம்சம் ஏன் யூதாவுக்குப் போனது?

கேள்வி (ஞாயிறுபள்ளி அக்கா):

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுபள்ளி எடுக்கிறேன். போன வாரம் யோசேப்பு கதை. குழியில் போட்டது, இருபது வெள்ளிக்காசுக்கு விற்றது, எகிப்தில் அதிகாரியானது எல்லாம் சொல்லி முடித்தேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன், "அக்கா, விக்கலாம்னு யோசனை சொன்னதே யூதாதானே? அப்புறம் தாவீது ராஜா எப்படி யூதா வம்சத்துல வந்தாரு? நியாயமா யோசேப்பு வம்சத்துலதானே வரணும்?" என்று கேட்டுவிட்டான். "தேவ சித்தம்பா" என்று சொல்லி உட்காரவைத்தேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஒப்பவில்லை. யூதர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (வேதப்பிரியன்):

ரொம்பச் சுலபம் சகோதரி. மூத்தவன் ரூபன் தகப்பனின் மறுமனையாட்டி பில்காளோடு சயனித்து மூத்த மகன் உரிமையை இழந்தான். அடுத்த இருவர், சிமியோனும் லேவியும், சீகேம் ஊராரை வாளால் வெட்டிக் கெட்டார்கள். நாலாவது யூதா. 1 நாளாகமம் 5 பாருங்கள்: சேஷ்டபுத்திர பாகம், அதாவது மூத்த மகனின் பங்கு, யோசேப்பின் பிள்ளைகளுக்கு, தலைமை யூதாவுக்கு.

பதில் 2 (எருசலேமில் இருந்தவன்):

வரிசைப்படி வந்தது என்றால் இத்தனை அதிகாரம் கதை எதற்கு, அண்ணே?

நான் எருசலேமில் ஒன்பது வருஷம் ஒரு தாத்தாவைக் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, ஜெபாலயத்துக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டால் அந்த வீட்டில் போன், டிவி எதுவும் கிடையாது. சாப்பாட்டு மேசையில் அந்த வாரத்துத் தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) பகுதியைப் பற்றித்தான் பேச்சு, அதுவும் சண்டை போலவே நடக்கும். புத்தகத்தில் மூல வசனத்துக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் ராஷியின் உரை இருக்கும். ராஷி 1105-ல் காலமான பிரான்ஸ் நாட்டு ரபி. அவரைத் தொடாமல் யாரும் பேச்சை ஆரம்பிக்க மாட்டார்கள்.

தாத்தா வருஷாவருஷம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் யோசேப்பை விற்கிறார்கள். 39-ல் அவன் கதை தொடர்கிறது. நடுவில் சம்பந்தமே இல்லாமல் 38, யூதாவும் மருமகள் தாமாரும், எதற்கு? அந்த அதிகாரம் யூதா தன் சகோதரரை விட்டு 'இறங்கிப்போனான்' என்று தொடங்குகிறது. ராஷி இதைப் பதவி இறக்கம் என்கிறார். அப்பா துக்கத்தில் உருகுவதைப் பார்த்த மற்றவர்கள், "விற்கலாம் என்று நீதான் சொன்னாய். திரும்பக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருந்தால் அதையும் கேட்டிருப்போமே" என்று யூதாவைத் தலைமையிலிருந்து தள்ளிவிட்டார்களாம்.

அப்புறம் நம் தமிழ் பைபிளையே எடுங்கள். ரத்தம் தோய்த்த அங்கியை அப்பாவிடம் அனுப்பி, இது உம்முடைய மகனுடையதா "பாரும்" என்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் விதவை மருமகள் தாமார், தான் யாரென்று தெரியாத யூதாவாலேயே கர்ப்பமாகிறாள். அது தெரியாமல் அவளை எரிக்கக் கொண்டுவரும்போது அவள் அவன் அடகாகக் கொடுத்த மோதிரத்தையும் ஆரத்தையும் கோலையும் அனுப்பி, யாருடையவை "பாரும்" என்கிறாள். எபிரெயத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான்: 'ஹக்கேர் நா'. நீ அப்பாவிடம் சொன்ன அதே சொல்லை உன்னிடம் தாமார் சொல்லுவாள் என்று கடவுள் யூதாவிடம் சொன்னதாக மித்ராஷ் (ரபிகளின் பழைய வேத விளக்கம்) எழுதுகிறது. இந்த இடம் வந்தால் தாத்தா சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். விரல் வசனத்தின் மேலேயே இருக்கும்.

தாமார் அவன் பேரைச் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? ஒருவனைப் பலர்முன் அவமானப்படுத்துவதைவிட நெருப்புச் சூளையில் விழுவது மேல் என்று தல்மூத் (ரபிகளின் விவாதத் தொகுப்பு) இவளிடமிருந்துதான் படிக்கிறது. யூதா நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு தப்பியிருக்கலாம். "அவள் என்னைவிட நீதியுள்ளவள்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். அதற்குப் பிறகுதான் அவன் வேறு ஆள். எகிப்தில் பென்யமீன் மாட்டிக்கொண்டபோது, இவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்கிறான். யோசேப்பைப் போலவே மறுபடியும் ராகேலின் மகன், மறுபடியும் அப்பாவின் செல்லப்பிள்ளை, மறுபடியும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வாய்ப்பு. பழைய தப்பைச் செய்ய அதே சந்தர்ப்பம் வந்தும் செய்யாமல் விடுவதே முழு மனந்திரும்புதல் என்று ரம்பாம் என்ற யூத அறிஞர் (மைமோனிதெஸ்) 12ஆம் நூற்றாண்டில் எழுதினார். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பதில் 3 (நூலகப்பூச்சி):

அருமை. ஆனால் யூத மரபு அவ்வளவு சீக்கிரம் அவனுக்கு மாலை போடவில்லை. பழைய ரபிகளின் நூல்களில் ஒரு காட்சி வருகிறது. யவ்னே ஊரில் ஓய்வுநாள் சாயங்காலம், ரபி தர்ஃபோன் புறாக்கூட்டின் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். யூதாவுக்கு அரசுரிமை எதனால் கிடைத்தது என்று பேச்சு வருகிறது. கொல்லாமல் விற்கச் சொல்லி யோசேப்பைக் காப்பாற்றினானே என்கிறார்கள். காப்பாற்றியது விற்ற பாவத்துக்குச் சரியாய்ப் போயிற்று என்கிறார் தர்ஃபோன். தாமார் விஷயத்தில் ஒப்புக்கொண்டானே? ஒப்புக்கொண்டது அந்தத் தப்புக்குச் சரி. பென்யமீனுக்குப் பதில் அடிமையாகிறேன் என்றானே? அவன் அப்பாவிடம் பென்யமீனுக்கு ஜாமீன் போட்டவன், ஜாமீன்தாரர் கட்டித்தானே ஆகவேண்டும்! கடைசியில் அவர் ஏற்கிற பதில் வேறு. செங்கடலில் மற்றவர்கள் தயங்கி நிற்க, யூதா கோத்திரம் முதலில் தண்ணீரில் இறங்கியது. அதற்குத்தான் ராஜ்யம்.

கேள்வி கேட்டவர்:

ஜாமீன் வரியைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டுக்காரர் நண்பருக்குப் போட்ட ஜாமீனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். அது இருக்கட்டும், 38ஆம் அதிகாரத்தை ஒன்பது வயசுப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது? ரூபனும் தன் இரண்டு மகன்களைப் பிணையாக வைத்தானே, அவனை ஏன் தள்ளினார்கள்?

எருசலேமில் இருந்தவன்:

பென்யமீனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் பிள்ளைகளைக் கொன்றுபோடும் என்கிறான் ரூபன். "இவன் அசட்டு மூத்த பிள்ளை, அவன் மகன்கள் என் பேரப்பிள்ளைகள் இல்லையா?" என்று யாக்கோபு நினைத்ததாக ராஷி. யூதா பிள்ளைகளை இழுக்கவில்லை, தன்னையே வைத்தான். பில்காள் விஷயத்திலும் தல்மூதில் ரூபனுக்குப் பரிந்து பேசுகிறவர் உண்டு. ராகேல் இறந்தபின் அப்பா பில்காளின் கூடாரத்துக்குக் கட்டிலை மாற்ற, அம்மா லேயாளுக்கு அவமானம் என்று கோபத்தில் கட்டிலை இழுத்துப் போட்டான், அவ்வளவுதான் என்கிறார்.

பிள்ளைகளுக்கு 38 வேண்டாம் அக்கா, பென்யமீனுக்குப் பதிலாக யூதா தன்னையே கொடுக்கிற 44 போதும். அந்தப் பையனிடம் மட்டும் இரண்டு "பாரும்" இருக்கிறது, தேடிக் கண்டுபிடி என்று சொல்லிவிடுங்கள். அவன் தேடுவான்.