சாம்பிள் பியானோவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்

தக்கலை டீச்சர், திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு மே விடுமுறையில் கீபோர்டு வகுப்பு வைத்திருக்கிறோம். 12, 13 வயதுப் பிள்ளைகள், பெரும்பாலும் தமிழ் வழி. கையேடு மார்த்தாண்டத்தில் அச்சாகிறது. வெள்ளி காலையில் கொடுக்காவிட்டால் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகள் ஏறிவிடும். அப்புறம் நம் முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

7ஆம் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மேடையில் வாசிக்கும்போது கீபோர்டில் எந்தக் கிராண்ட் பியானோ ஒலியைப் போடுவது என்ற பக்கம் அது. அந்த ஒலி வந்த வழியையும் சொல்ல வேண்டும். உண்மையான பியானோவின் முன் மைக் வைத்து, 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, பூப்போலத் தொட்டு ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை என்று வாசித்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள். நாம் கட்டையைத் தொட்டால் அதற்கேற்ற பதிவு எழுந்து ஒலிக்கிறது. அந்தத் துண்டுப் பதிவுதான் சாம்பிள்.

'மாதிரி' என்று எழுதினேன். 'மாதிரிப் பியானோ' என்று வந்து நின்றது. மகளிடம் காட்டினேன். "பியானோ மாதிரி இருக்கும், ஆனா பியானோ இல்ல, அதானேம்மா?" என்றாள். தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

மூன்று சொல் வேண்டும்: சாம்பிள், கிராண்ட் பியானோ, வெலாசிட்டி லேயர் (பூப்போல, அழுத்தி, ஓங்கி என்று தனித்தனியாகப் பதிந்த அந்த அடுக்குகள்). தயவுசெய்து இந்தத் தடவை தொல்காப்பியம் வரை போகாமல் சொல்லுங்கள்.

வடசேரி பேராசிரியர் (ஓய்வு), செவ்வாய் காலை

டீச்சர், சொல் உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானைக்கு ஒரு சோறு, பியானோவுக்கு ஓர் ஒலி. ஒலிப்பதம் என்று எழுதுங்கள்.

கிராண்ட் பியானோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பியானோ என்ற இத்தாலியச் சொல்லுக்கு 'மெல்ல' என்றுதான் பொருள். 1700 வாக்கில் புளோரன்சில் கிறிஸ்டோஃபோரி செய்த கருவி 'மெல்லவும் ஓங்கியும்' ஒலிப்பது என்று பெயர் பெற்றது. ஓங்கல் உதிர்ந்துபோய் மெல்ல மட்டும் மிஞ்சியது. பாதிப் பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? நம் பழைய யாழ் வகைகளில் பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947இல் வந்தது, இன்னும் நாம் அதை அலமாரியில்தான் வைத்திருக்கிறோம். பேரியாழ் என்ற பெயர் ஆளில்லாத வீடாகக் கிடக்கிறது. கிராண்ட் பியானோவைக் குடிவைத்தால் என்ன?

கட்டைக்காரன், மார்த்தாண்டம், செவ்வாய் மதியம்

> கிராண்ட் பியானோவைக் குடிவைத்தால் என்ன?

சாரே, வாடகை யார் கொடுப்பது? யாழை மீட்டுவார்கள். பியானோவில் சுத்தியல் வந்து கம்பியை அடிக்கும். திருவிழா மேடையில் பாட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது "மக்கா, பேரியாழைப் போடு" என்று சொன்னால் பையன் வீணை ஒலியைப் போட்டுவிடுவான். எனக்கு அந்தப் பயம்.

டீச்சர், பெயர் கிடக்கட்டும். 7ஆம் பக்கத்தில் எழுத வேண்டியதை நான் சொல்கிறேன். கீபோர்டில் பியானோ என்று ஒரே ஒலி இருப்பதில்லை. ஒன்று ஹாம்பர்க்கிலோ நியூயார்க்கிலோ செய்த ஸ்டெயின்வே டி, 274 செ.மீ. இன்னொன்று யமஹா சிஎஃப்எக்ஸ், 275 செ.மீ. மூன்றாவது வியன்னாக்காரர்களின் போசென்டார்ஃபர் இம்பீரியல், 290 செ.மீ., 97 கட்டை. பிள்ளைகள் எப்போதும் பெரியதைத்தான் போடும். வீட்டில் ஹெட்போனில் கேட்டால் அது தேன். மேடையில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்ததும் அந்தக் கீழ்க்கட்டை முழக்கம் எல்லாவற்றையும் மூடிவிடும். பேண்டோடு வாசிக்கக் கூர்மையான, மெலிந்த பியானோ போதும். தனியாகப் பாமாலை வாசிக்கும்போது உருண்டையான ஒலியைப் போடலாம்.

இன்னொரு சோதனை. ஒரே கட்டையை மெல்ல ஆரம்பித்துப் படிப்படியாக ஓங்கி இருபது தடவை அடிக்கச் சொல்லுங்கள். ஏதோ ஓரிடத்தில் ஒலி 'டக்'கென்று ஆளே மாறிய மாதிரி மாறினால் அடுக்கு குறைவு என்று அர்த்தம். அப்புறம் ஒரு கட்டையை அழுத்தி, காலால் அமுக்கும் பெடலான சவுட்டையும் மிதித்துக்கொண்டு கேட்கட்டும். ஒலி தானாகத் தேய்ந்து மறைந்தால் நல்லது. கொஞ்ச நேரத்தில் ஒரே துண்டு சுற்றிச் சுற்றி வந்தால் நினைவகம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

வடசேரி பேராசிரியர், செவ்வாய் மாலை

> சவுட்டையும் மிதித்துக்கொண்டு

தம்பி, சவுட்டு மலையாளம் அல்லவா? கையேட்டில் 'மிதி' என்றே இருக்கட்டும்.

அதங்கோட்டான், செவ்வாய் இரவு

ஐயா, எங்கள் ஊரில் சைக்கிளையும் சவுட்டுகிறோம், தையல் மிஷினையும் சவுட்டுகிறோம். பதிற்றுப்பத்தில் 'சவட்டும்' என்ற சொல் இருக்கிறது. சேரனைப் பாடிய நூலில் இருப்பது எப்படி ஐயா வெளியூர்ச் சொல் ஆகும்? 1956 நவம்பர் 1ஆம் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. சொற்களை மட்டும் அந்தப் பக்கமே விட்டுவிட்டு வர வேண்டுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒலிப்பதம் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு காரணம்.

ஒன்று, இசையில் பதம் என்றால் பாட்டு வகை. நாட்டியம் படிக்கும் பிள்ளை வகுப்பில் இருந்தால் குழம்பும்.

இரண்டாவது பெரியது. கணினிக்காரர்கள் சாம்பிள் என்பது வேறு. ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக்குகிறார்கள், அந்த ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள். 10 விநாடிப் பதிவு என்றால் ஒரு தடத்திலேயே 4,41,000. ஆக, டீச்சர் சொல்லும் ஒரு சாம்பிளுக்குள் 4,41,000 சாம்பிள்! இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. நன்னூல் பதவியலைத் திறந்தால் வழி இருக்கிறது. பிரிக்க முடியாத ஒற்றை எண் பகாபதம். பிரிக்கக்கூடிய பதிவு பகுபதம். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பதிவின் தொடக்கத்தில் சுத்தியல் அடிக்கும் ஒலி பகுதி. நடுவில் நீள்வது இடைநிலை. கட்டையை விட்டதும் கம்பி அடங்கும் ஒலியைத் தனியாகப் பதிந்திருப்பார்கள், அது விகுதி. உறுப்பிலக்கணம் அப்படியே பொருந்துகிறது.

தக்கலை டீச்சர், புதன் காலை

அண்ணா, பகுபதம் என்றாலே என் பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் குதித்துவிடும். விடுமுறை வகுப்பு இது.

உங்கள் இரண்டாவது காரணம் மட்டும் நியாயம். ஆனால் எண் சாம்பிள் என் கையேட்டில் வரப்போவதே இல்லை.

ஒலிப்பெட்டி, குளச்சல், புதன் காலை

நான் சொல் தெரியாதவன். மேடைக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன். டீச்சர் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கெஞ்சுகிறேன்.

போன வருஷம் ஒரு வரவேற்பு. ஊர் வேண்டாம். பையன் அருமையாக வாசிக்கிறான், ஹெட்போனில் கேட்டால் கண் கலங்கும். வெளியே ஸ்பீக்கரில் நடுக்கட்டைகள் எல்லாம் குடத்துக்குள் இருந்து வருகிற மாதிரி. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து, "மிஷின் பழசோ?" என்று கேட்டார். காரணம் பிறகுதான் பிடிபட்டது. பியானோவை இரண்டு மைக் தள்ளித் தள்ளி வைத்துப் பதிந்திருக்கிறார்கள். ஒரே ஒலி இரண்டு மைக்கையும் கொஞ்சம் முன்பின்னாகச் சேரும். இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கொடுத்தால் விரிந்து கேட்கும். நம் மேடையில் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலிதானே போகிறது? இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து சில சுரங்கள் கரைந்துவிடும். அதனால் ஒற்றைத் தடத்தில் பதிந்த பியானோ இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கத்து ஒலியை மட்டும் எனக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் காதில் மாட்டிக்கொண்டு தேர்ந்தெடுக்காதே, மேடையில் ஏறிக் கேட்டுத் தேர்ந்தெடு. இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

வடசேரி பேராசிரியர், புதன் மதியம்

குளச்சல்காரர் சொன்னதைக் கேட்டதும் சுசீந்திரம் இசைத்தூண்கள் நினைவுக்கு வந்தன. ஒரே கல்லில் குடைந்த தூண்கொத்து, தட்டினால் ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும். அதைப் பதிந்து கீபோர்டில் ஏற்றினால் அதுவும் ஒலிப்பதம்தான். கல்லில் இருந்து எடுத்தது என்பதால் கற்பதம் எனலாமா?

கட்டைக்காரன், புதன் மதியம்

சாரே, வெள்ளிக்கிழமை.

குழித்துறை மருமகள், புதன் இரவு

நான் யாழ்ப்பாணத்தில் படித்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். மிதியை அழுத்தியிருக்கும்போது ஒரு கம்பியை அடித்தால் மற்றக் கம்பிகளும் சேர்ந்து முனகுமே, அதை டீச்சர் 'ஒத்ததிர்வு' என்று எழுதியிருக்கிறார். எங்கள் பாடநூலில் அது 'பரிவு'. ஒருவர் அழுதால் பக்கத்தில் இருப்பவருக்கும் தொண்டை அடைக்கிறது அல்லவா, அதே சொல். மற்றச் சண்டையில் எனக்கு வேலை இல்லை.

தக்கலை டீச்சர், புதன் இரவு

பரிவு! எடுத்துக்கொண்டேன். இரண்டு நாளில் சண்டையில்லாமல் கிடைத்த ஒரே சொல்.

இப்போது வெலாசிட்டி லேயர். 'விசை அடுக்கு' என்று போட்டிருக்கிறேன், சரிதானா?

இரணியல் இயற்பியல் ஆசிரியர், வியாழன் காலை

சரியில்லை. பாடநூலில் விசை என்றால் தள்ளும் வலு. கணினிப் புத்தகத்தில் விசைப்பலகையின் விசை. இரண்டும் இங்கே பொருந்தாது. கட்டைக்கு அடியில் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்பதைத்தான் கருவி அளக்கிறது. அதைத்தான் 1 முதல் 127 வரை எண்ணாக்குகிறது. ஆக அது வேகம். பாடநூல்படி வெலாசிட்டி என்றால் திசைவேகம்.

கட்டைக்காரன், வியாழன் காலை

கட்டைக்குத் திசை ஒன்றே ஒன்றுதான் சார், கீழே.

அதங்கோட்டான், வியாழன் மதியம்

மெல்லடுக்கு, இடையடுக்கு, வல்லடுக்கு என்று வையுங்கள். மெல்லினம், இடையினம், வல்லினம் படித்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

வடசேரி பேராசிரியர், வியாழன் மதியம்

மெல்லினத்துக்குப் பிறப்பிடம் மூக்கு. பியானோவுக்கு மூக்கு ஏது? தவிர, நல்ல கருவிகளில் அடுக்கு மூன்றோடு நிற்பதில்லை. எட்டு அடுக்கு இருந்தால் மீதி ஐந்துக்கு ஆய்த எழுத்தையா கூப்பிடுவீர்கள்?

தக்கலை டீச்சர், வியாழன் இரவு 11.15

முடித்துவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சாம்பிள் = ஒலிப்பதம். தனி மடலில் வந்ததையும் சேர்த்து எண்ணினால் ஒலிப்பதத்துக்கு ஆறு பேர், 'சாம்பிள் என்றே விடு' என்பதற்கு ஐந்து பேர், பகுபதத்துக்கு ஒருவர். முதல் தடவை வரும்போது 'சாம்பிள் என்று சொல்லப்படும் ஒலிப்பதம்' என்று எழுதுகிறேன்.

கிராண்ட் பியானோ = கிடைப் பியானோ. கம்பிகள் கிடையாகப் படுத்திருப்பது. சுவரோரம் நிமிர்ந்து நிற்பது நிலைப் பியானோ. பேரியாழுக்கு மன்னிக்கவும், சார்.

வெலாசிட்டி லேயர் = தொடுகை அடுக்கு. இயற்பியல் சார் ஒப்பமாட்டார், தெரியும். பிள்ளைகள் 'டச்' என்றுதான் சொல்கிறார்கள், அதைத் தமிழாக்கிவிட்டேன்.

சவுட்டு = மிதி. அடைப்புக்குள் சவுட்டு என்றும் போட்டிருக்கிறேன்.

ஒலிப்பெட்டி அண்ணன் சொன்னது தனிக் கட்டமாக, தடித்த எழுத்தில்.

அதங்கோட்டான், வெள்ளி காலை 5.50

டீச்சர், அச்சுக்குப் போகும் முன் ஒன்றே ஒன்று. ஒலிப்பதம் என்று ப் போட்டால் ஒலியினது பதம், வேற்றுமைத்தொகை. ஒற்றில்லாமல் 'ஒலிபதம்' என்று எழுதினால் ஒலிகடல் போல வினைத்தொகை. ஒலித்த பதம், ஒலிக்கின்ற பதம், ஒலிக்கும் பதம். என்றோ ஒலித்ததைப் பதிந்து வைத்தோம், இன்று ஒலிக்கிறது, நாளைக்கும் ஒலிக்கும். ஊறுகாய்க்கு எப்படி முக்காலமும் பொருந்துமோ அப்படி. ஒற்றை எடுத்துவிடுங்கள்.

கட்டைக்காரன், வெள்ளி காலை

ராத்திரி தூங்கவே இல்லையா அண்ணாச்சி? ஆனால் சாம்பிள் என்பது ஊறுகாய்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சோறு பதத்தைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது.

தக்கலை டீச்சர், வெள்ளி மாலை

அதங்கோட்டு அண்ணனின் மடலைப் பார்த்தபோது அச்சகத்தில் நின்றுகொண்டிருந்தேன். 7ஆம் பக்கம் ஓடி முடிந்திருந்தது. 9ஆம் பக்கத்தில் மட்டும் ஒற்றை எடுக்கச் சொன்னேன். இப்போது கையேட்டில் இரண்டும் இருக்கிறது. பேராசிரியர் சார் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

வடசேரி பேராசிரியர், வெள்ளி மாலை

பட்டுவிட்டது. பேரியாழை நான் விடவுமில்லை.

தக்கலை டீச்சர், திங்கள் இரவு

முதல் வகுப்பு முடிந்தது. 19 பிள்ளைகள். கீபோர்டில் உள்ள பியானோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். மந்தமான ஒன்று வந்தபோது கடைசி வரிசையில் இருந்த பையன், "டீச்சர், இந்தப் பதம் வேகல, வேற போடுங்க" என்றான். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. அதற்குப் பிறகு வகுப்பு முடியும்வரை வெந்த பதம், வேகாத பதம் என்றேதான் பேச்சு. ஒலி என்ற முன்பாதியை யாரும் தொடவில்லை.

அதங்கோட்டான், திங்கள் இரவு

வேகாதது எப்படிப் பதம் ஆகும் டீச்சர்? பதம் என்றாலே வெந்ததுதானே?