ஒரே சிப்புக்கு இரண்டு ராயல்டி: போட்டி ஆணையம் விசாரிக்க முடியாதா?

கேள்வி (கைபேசிக் கடைக்காரர், கடலூர்)
வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் பதினோரு ஆண்டுகளாகக் கைபேசி விற்றும் பழுது பார்த்தும் வருகிறேன். சென்ற வாரம் 9,000 ரூபாய்க் கைபேசி ஒன்றும் 15,000 ரூபாய்க் கைபேசி ஒன்றும் அடுத்தடுத்து வந்தன. போர்டின் மேலுள்ள தகட்டைச் சூடாக்கி எடுத்துப் பார்த்தபோது, இரண்டிலும் ஒரே எண் பொறித்த சிப் இருந்தது. ஆனால் சிப்பிலுள்ள தொழில்நுட்பத்துக்கான காப்புரிமைக் கட்டணத்தை (ராயல்டியை) முழுக் கைபேசியின் விலையில் சதவீதமாக வாங்குவதும் உண்டு என்று படித்தேன். அப்படியானால் ஒரே சிப்புக்கு விலை கூடிய கைபேசியில் கட்டணமும் கூடிவிடுமே. இதை, சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கும் இந்தியப் போட்டி ஆணையம் விசாரிக்க முடியாதா?

மறுமொழி 1 (வழக்கறிஞர், புதுச்சேரி)
விசாரிக்கத்தான் தொடங்கியது. ஒரு காப்புரிமை 4ஜி போன்ற தரநிலைக்குள் சேர்ந்துவிட்டால், கைபேசி செய்பவருக்கு அதைத் தவிர்க்க வழியில்லை என்பதால், நியாயமான, பாரபட்சமற்ற கட்டணத்தில் உரிமம் தருவதாகத் தரநிலை அமைப்பிடம் உரிமையாளர் வாக்குக் கொடுக்கிறார். இத்தகைய காப்புரிமைகளை வைத்திருக்கும் சுவீடன் நிறுவனமான எரிக்சன் அந்த வாக்கை மீறியதாக இந்தியக் கைபேசி நிறுவனமான மைக்ரோமேக்ஸ் அளித்த புகாரில் 2013 நவம்பரில் விசாரணைக்கு உத்தரவிட்ட ஆணையம், நீங்கள் சொல்லும் கணக்கையே போட்டுக் காட்டியது: 1.25 சதவீதம் என்றால், ஒரே சிப்புக்கு 100 ரூபாய்க் கைபேசியில் 1.25 ரூபாய், 1,000 ரூபாய்க் கைபேசியில் 12.50 ரூபாய். ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2016இல் கூறினார். 2023 ஜூலையில் இருவர் அமர்வு அதை மாற்றி, இவ்விஷயத்தில் காப்புரிமைச் சட்டமே செல்லும், ஆணையம் விசாரிக்க முடியாது என்றது. 2025இல் உச்ச நீதிமன்றமும் ஆணையத்தின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

மறுமொழி 2 (தொலைத்தொடர்புப் பொறியாளர், லாஸ்பேட்டை)
கட்டணம் கேட்பதே தவறு என்பது போல் பேச்சு போய்விடக் கூடாது. உரிமம் வாங்காமலேயே ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். இந்தியக் கைபேசி நிறுவனமான லாவா எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அதே டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. சிக்னல் இல்லாத இடத்தில் 15,000 ரூபாய்க் கைபேசியும் வெறும் கேமராதான். ஆகவே முழு விலையைக் கணக்கில் கொள்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

மறுமொழி 3 (வழக்கறிஞர், புதுச்சேரி)
கட்டணம் தரத்தான் வேண்டும். எனக்கு உறுத்துவது ரகசிய ஒப்பந்தம். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டால், பாரபட்சம் இல்லை என்பதை எதை வைத்துச் சரிபார்ப்பது? காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் கட்டாய உரிமம் (உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் காப்புரிமை அலுவலகம் வழங்கும் உரிமம்) கேட்கலாம். ஆனால் அது கேட்டவருக்கு உரிமம் பெற்றுத் தருவதோடு சரி. ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியவருக்கு விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் போட்டிச் சட்டத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், சீன நிறுவனங்களான ஹுவாவே–இசட்டிஇ வழக்கில் 2015இல் போட்டிச் சட்டத்தின் கீழேயே இரு தரப்புக்கும் நெறி வகுத்தது: விற்பனைக்குத் தடையாணை கேட்கும் முன் காப்புரிமை உரிமையாளர் கட்டணத்தையும் அதைக் கணக்கிடும் முறையையும் எழுத்தில் தர வேண்டும்; கைபேசி நிறுவனமும் இழுத்தடிக்காமல் பதில் சொல்ல வேண்டும். நமது காப்புரிமைச் சட்டத்தில் அப்படியொரு விதி இல்லை. அதை நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து.