இலங்கைப் பொருளாதாரம் நிமிர ஏன் இத்தனை ஆண்டுகள்?

காட்பாடி வாசகர் (கேள்வி):
வேலூரை அடுத்த மேல்மொணவூர் முகாமில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றோடு எங்கள் வீட்டாருக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று இலங்கை 2022 ஏப்ரலில் அறிவித்தபோது, அங்குள்ள உறவினர்களை எண்ணி அவர்கள் கலங்கிப்போனார்கள். ஆட்சி மாறிய பின்னும் விலைவாசி பழைய நிலைக்குத் திரும்பவில்லையே என்று இன்றும் கேட்கிறார்கள். தவறான முடிவுகளை எடுத்தவர்கள் விலகிய பிறகும் ஏன் இவ்வளவு தாமதம்? புதிதாக வந்தவர்கள் வேறு வழியில் போயிருக்கக் கூடாதா?

குடியாத்தம் ஆசிரியர்:
விலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் 70 விழுக்காட்டை ஒட்டியிருந்த பணவீக்கம் ஓராண்டுக்குள் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஏறிய விலை அப்படியேதான் நிற்கிறது. மேலும் ஏறும் வேகம் மட்டுமே தணிந்திருக்கிறது. வருமானம் அந்த விலையை எட்டும்வரை குடும்பங்களுக்கு நெருக்கடி நீங்காது.

கடன் விவகாரம் இன்னும் மெதுவானது. இந்தியா, ஜப்பான் உள்ளிட்ட நாடுகளோடும் சீன வங்கியோடும் உடன்பாடு காண 2024 ஜூன் ஆயிற்று. தனியார் கடன்பத்திரங்களை மாற்றியமைக்க அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. ஒருவருக்குக் கூடுதல் சலுகை கிடைத்துவிடுமோ என்று மற்றவர் காத்திருப்பதால், இதை எந்த அரசாலும் அவசரப்படுத்த முடியாது.

வேறு வழியில் போவதன் விளைவையும் அந்த நாடு கண்டிருக்கிறது. 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்ததில் அரசின் வருவாய் சரிந்தது. பின்னர் அதே வரியை 18 விழுக்காடாக உயர்த்த நேர்ந்தது. செலவையும் வரியையும் ஒழுங்குபடுத்தும் நிபந்தனைகளோடு கடன் தரும் பன்னாட்டு நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் தொடங்கியது இலங்கையின் 17ஆவது கடன் திட்டம். எதிர்க்கட்சியில் இருந்தபோது அதைக் கடுமையாக விமர்சித்த அநுர குமார திசாநாயக்க, 2024 செப்டம்பரில் அதிபரான பிறகு அதையே தொடர்ந்தார். என் பார்வையில் அவர் செய்தவற்றுள் மிகப் பொறுப்பான செயல் இதுவே.

ராணிப்பேட்டை வாசகர்:
நம் நாட்டின் 1991ஆம் ஆண்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. சந்திரசேகர் அரசுக்குக் காங்கிரசின் ஆதரவு நிலைக்காததால் அந்த ஆண்டு முழுமையான நிதிநிலை அறிக்கையைக்கூடத் தாக்கல் செய்ய முடியவில்லை. அந்நியச் செலாவணியோ சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அளவுக்குச் சுருங்கியது. மே மாதத்தில் அந்த அரசின் காலத்தில் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போயிற்று. ஜூலையில் நரசிம்ம ராவ் அரசின் காலத்தில் சுமார் 47 டன் இங்கிலாந்து வங்கியில் அடகு வைக்கப்பட்டது. எதிரெதிர் அணியினர் இருவரும் ஒரே கசப்பான முடிவை ஏற்றார்கள். அரசின் பற்றாக்குறைக்கு ரிசர்வ் வங்கி தானாகவே பணம் தரும் பழக்கத்தை நிறுத்துவதென்று 1994இல் காங்கிரஸ் அரசு உடன்பட்டது. 1997இல் அதை நிறைவேற்றியது ஐக்கிய முன்னணி அரசு. இடையில் ஆட்சி மாறியும் அந்தப் பணி அறுபடவில்லை.

ஆம்பூர் வாசகர்:
ஐயா, பொறுமையாக இருங்கள் என்பதை யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம் அல்லவா? 1991இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, தோல் ஏற்றுமதி செய்தவருக்கு டாலருக்குக் கூடுதல் ரூபாய் கிடைத்தது. டேனரியில் தினக்கூலிக்கு நின்றவருக்கு அரிசியும் எண்ணெயும் உடனே விலை ஏறின. கூலி உயர்வு தாமதமாகவே வந்தது. வரி உயர்வும் அப்படித்தான் முதலில் ஏழையின் சமையலறையைத் தொடுகிறது.

குடியாத்தம் ஆசிரியர்:
தாங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். 1991 நிதிநிலை அறிக்கையில் உர விலையை 40 விழுக்காடு உயர்த்திய நிதியமைச்சர் மன்மோகன் சிங், எதிர்ப்பு எழுந்ததும் அதை 30 விழுக்காடாகக் குறைத்தார். சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் பேசப்பட்டது. போகும் திசையில் கட்சிகள் ஒன்றுபட்டிருந்தாலும், சுமையை யார் எவ்வளவு தாங்குவது என்று எதிர்க்கட்சி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இலங்கையிலும் இந்தக் கேள்விக்கு இன்னும் நெடுங்காலம் வேலை இருக்கிறது. கடன் தந்த அரசுகளுக்கு அசலைத் திருப்பிச் செலுத்தும் காலமே 2028இல்தான் தொடங்குகிறது.