கண்ணீர்ப்பை லேசர் அறுவை: சொல் வேண்டும், அவசரம்

அன்பர்களே,

நோயாளி ஒப்புதல் படிவம் நாளை காலை அச்சுக்குப் போகிறது. 'லேசர் டாக்ரியோசிஸ்டோரைனாஸ்டமி'க்குப் பழைய படிவத்தில் 'கண்ணீர்க்குழாய் அடைப்பு நீக்கம்' என்றிருக்கிறது. இது தவறு. அடைப்பை யாரும் நீக்குவதில்லை, அடைபட்ட குழாய் அப்படியே கிடக்கும். இமையோரத் துளை வழியாக மெல்லிய ஒளியிழையைச் செலுத்தி, கண்ணீர்ப்பைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள எலும்பில் லேசரால் துளையிட்டுப் புதுவழி திறக்கிறார்கள். 'லேசர் கண்ணீர்ப்பை மூக்கு இணைப்பு அறுவை' எனலாமா?

மறுமொழி 1
லகரம் மொழிமுதலில் வராது. 'இலேசர்' என்று எழுதினால் இலேசான அறுவை என்று படிப்பார்கள். லேசருக்குச் 'சீரொளி' இருக்கிறதே! குழாய்க்குத் 'தூம்பு' என்ற பழஞ்சொல் உண்டு. ஏரிநீர் கரைக்கு அடியில் வெளியேறும் வழியும் தூம்புதான். 'கண்' என்பதற்கே துளை என்ற பொருளுண்டு: தேங்காய்க்கண், மதகுக்கண். ஆகவே இமையோரத் துளை 'நீர்க்கண்'. அறுவைப் பெயரின் ஈற்றிலுள்ள 'ஸ்டமி'க்கு மூலமான கிரேக்க 'ஸ்டோமா' என்றால் வாய். நம்மிடம் கால்வாய், வாய்க்கால். என் சொல்: 'சீரொளி மூக்குவாய் அமைப்பு'.

மறுமொழி 2
ஐயா, 'நீர்க்கண்' அருமை, எடுத்துக்கொள்கிறேன். 'மூக்குவாய்' வேண்டாம், மூக்கிலும் வாயிலும் அறுவையா என்று கேட்பார்கள். தினமும் பார்க்கிறேன்: உப்புநீரை ஊசிக்குழலால் கீழிமைத் துளையில் விட்டால், அடைப்பிருக்கும்போது மேலிமைத் துளை வழியே திரும்பி வழியும். அறுவைக்குப் பின் அதே நீர் தொண்டையில் இறங்கும். "உப்புக் கரிக்குதும்மா" என்பார்கள். அவர்களுக்குப் புரிவது 'வழி'. 1904இல் இத்தாலிய மருத்துவர் டோட்டி விவரித்த அறுவையில் மூக்கோரம் தோலைக் கீற வேண்டும். இதில் தழும்பில்லை என்பதால்தான் 'லேசர்' என்று கேட்டு வருகிறார்கள். அந்தச் சொல்லை மறைக்கக் கூடாது. புதுத்துளை மீண்டும் மூடிக்கொள்வதும் உண்டு. 'நீக்கம்' என்று உறுதி கொடுத்துவிட்டு அதை எப்படிச் சொல்வது?

மறுமொழி 3
'லேசர் கண்ணீர்ப் புதுவழி அறுவை'? வல்லினம் மிகுத்து 'லேசர்க் கண்ணீர்' என்று எழுதாதீர்கள், லேசர் விடும் கண்ணீராகிவிடும்.

மறுமொழி 4
'லேசரால் கண்ணீர்ப் புதுவழி அமைக்கும் அறுவை' என்று விரித்தால் அந்தச் சிக்கலே இல்லை. கலைச்சொல்லாக நீளம்தான். படிவத்துக்கு இது போகட்டும். நால்வர் சரி என்றுவிட்டார்கள், அனுப்புகிறேன்.

மறுமொழி 5
அனுப்புங்கள். ஆனால் வழி என்பது இங்கே விளைவு, செய்வது வாய்திறப்பு. அகராதிக்கு வரும்போது 'கண்ணீர்ப்பை வாய்திறப்பு' என்றே எழுதுவேன். 'சீரொளி'யையும் விடமாட்டேன்.