'கிளம்பியிருக்கணும்': மஸ்ட் ஹேவா, ஷுட் ஹேவா? இங்கிலீஷ் நடத்துறவங்க உதவுங்க
வணக்கம். திருமங்கலத்துல மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. 14 பேர், எல்லாரும் தமிழ் வழியில பிளஸ் டூ முடிச்சவங்க. கேன், வில், மே வரைக்கும் சிக்கல் இல்லை. மூணு வாரமா நகராம நிக்கிறது 'ஹேவ்' சேர்ந்து வர்ற இடத்துலதான்.

"தேனி பஸ் கிளம்பியிருக்கணும்." ஆரப்பாளையம் ஸ்டாண்டுல பஸ்ஸைக் காணோம்னா இது ஊகம்: மஸ்ட் ஹேவ் லெஃப்ட். பஸ் கண்ணு முன்னாடியே நிக்குதுன்னா குறை சொல்றது: ஷுட் ஹேவ் லெஃப்ட். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே '-இருக்கணும்'. 9 பேர் எல்லாத்துக்கும் மஸ்ட் ஹேவ்னே எழுதுறாங்க. ("போக வேண்டியிருந்துச்சு"க்கு 'மஸ்ட் வென்ட்'னு எழுதுறது தனிக் கூத்து. ஹேட் டுன்னு திருத்தினா அந்தத் தப்பு மட்டும் திரும்ப வர்றதில்லை.)

செஞ்சு பார்த்தது: விதிகளைச் சார்ட்ல எழுதி ஒட்டியாச்சு, யாரும் பார்க்கலை. "கிளம்பிருச்சு போல" பொருந்தினா மஸ்ட், "ஆனா கிளம்பலையே" பொருந்தினா ஷுட்னு சொல்லிக் கொடுத்தாச்சு. வாயால சரியா வருது, தாள்ல எழுதும்போது போயிடுது.

எதிர்மறையில மட்டும் தப்பு வரலை. "கிளம்பியிருக்காது"ன்னா கான்ட் ஹேவ், "கிளம்பியிருக்கக் கூடாது"ன்னா ஷுடின்ட் ஹேவ். அங்க தமிழே ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. நேர்மறைக்குத் திரும்பினா பழைய கதைதான். 'பை நவ்' (இந்நேரத்துக்குள்ள) சேர்ந்தா ஷுட் ஹேவ் குறையா இல்லாம எதிர்பார்ப்பாவும் மாறும். அந்தப் பக்கம் இன்னும் போகவே இல்லை.

தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லாம, இந்த ரெண்டையும் எழுத்துல பிரிக்க வைக்கிற பயிற்சி எது உங்க வகுப்புல பலிச்சது?